உங்களுக்குத் தெரியுமா? தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு எத்தனை மணி நேரம்?

★ தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும் கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் போகிற தூரம். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் யாரும் அலட்டிக்கொள்ளாத தூரம்.

★ இன்று இதே தூரத்தைப் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு முறைப்படி கடக்க வேண்டுமானால் வழி இப்படி: தனுஷ்கோடியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு 190 கிலோமீட்டர் வாக்கில் சாலை. அங்கிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம், வான்வழியில் 350 கிலோமீட்டர். கட்டுநாயக்காவில் இறங்கி புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று வடக்கே திரும்பி ஏறினால் இன்னும் 300 கிலோமீட்டர் சொச்சம். மொத்தம் 800-ஐத் தாண்டிவிடுகிறது. விமான நிலையக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்தால் அதிகாலையில் கிளம்பியவர் நள்ளிரவுக்கு முன்னால் தலைமன்னாரில் கால் வைத்தால் கெட்டிக்காரர்.

★ குறுக்கு வழி உண்டா? ஓரளவு உண்டு. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025-ல் விமானம் தொடங்கியது. பலாலியில் இறங்கி, பூநகரி வழியாகத் தெற்கே வந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் மன்னார். கடலில்தான் போவேன் என்பவர்களுக்கு நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை. சுமார் 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம். தொடங்கிய ஒரே வாரத்தில் வாடைக்காற்று காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பலுடன் மறுபடி விட்டார்கள். இந்த வழியில் போனாலும் தனுஷ்கோடிக்காரர் முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே நாகப்பட்டினம் வரை ஏறி, அக்கரை போய், மறுபடி தெற்கே இறங்க வேண்டும். எதிர்வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற கதைதான்.

★ நூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை: ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அந்தக் கப்பல்களுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர். பிறகு வந்தவை இர்வின், கோஷென். கோஷென் பிரபு சென்னை மாகாண ஆளுநர். தனுஷ்கோடிக் கதை சொல்லும் பெரியவர்கள் வாயில் இன்றும் 'இர்வின் கப்பல்', 'கோஷென் கப்பல்' என்று வருவது இவைதான்.

★ 'போட் மெயில்' என்ற பெயர் ரயிலைக் கப்பலோடு இணைத்ததிலிருந்து வந்ததே. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கினால் போதும்: தனுஷ்கோடி வரை ரயில், நடுவில் கப்பல், தலைமன்னாரில் காத்திருக்கும் இலங்கை ரயில், கடைசியில் கொழும்புக் கோட்டை நிலையம். மாலையில் எழும்பூரில் ஏறியவர் மறுநாள் பிற்பகல் கடலைப் பார்ப்பார். மூன்றாம் நாள் காலை கொழும்பில் இருப்பார். ரயில் வந்து நிற்பதற்கும் கப்பல் கிளம்புவதற்கும் நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பதால் இரு நாட்டு ரயில்வேக்களும் அட்டவணையைப் பேசி வைத்துக்கொண்டு ஓட்டின. இந்த ஏற்பாட்டைத்தான் நான் பாலத்தைவிடப் பெரிய சாதனையாக நினைக்கிறேன். இரும்பைக் கடலில் நட்டுவிடலாம். இரண்டு அரசாங்கங்களை ஒரே கடிகாரத்துக்கு ஓடவைப்பது லேசில்லை. எழும்பூர் – ராமேசுவரம் ரயிலுக்கு இன்றும் போட் மெயில் என்றே பெயர். போட்தான் இல்லை.

★ அதற்கு முந்தைய வழி தூத்துக்குடி. 1870-களில் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது; அங்கிருந்து கொழும்புக்கு ஓர் இரவு கப்பல். வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல்களை விட்டதும் இதே தடத்தில்தான். 1914-க்குப் பிறகு பயணிகளில் பெரும்பங்கு தனுஷ்கோடிப் பக்கம் சாய்ந்தது. காரணம் எளிது: தூத்துக்குடி வழியில் ஒரு முழு இரவு கடலில், இங்கே வாந்தி வர ஆரம்பிக்கும்போது கரை வந்துவிடும்.

★ சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இந்திய மண்ணில் முதலில் கால் வைத்தது பாம்பனில். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தார். கரையில் காத்திருந்து வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அப்போது பாலமும் கிடையாது, தீவுக்குள் ரயிலும் கிடையாது.

★ இரண்டு மணி நேரம் என்பது எல்லாருக்கும் இரண்டு மணி நேரமாக இருக்கவில்லை. மேல்வகுப்பில் வந்தவர் மருத்துவர் முன்னால் நின்றுவிட்டுக் கப்பலேறலாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளிக்கு வழியில் மண்டபம் முகாம். காலராவும் அம்மையும் இலங்கைக்குள் வந்துவிடக் கூடாது என்று இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. குளிக்கவைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, ஊசி போட்டு, நாள்கணக்கில் அடைத்து வைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள். இரண்டு மணி நேரக் கடலுக்கு முன்னால் ஒரு வாரக் கம்பிவேலி. பயண நேரத்தைக் கணக்குப் போடும் அட்டவணை எதிலும் இந்த ஒரு வாரம் ஏறியதில்லை.

மண்டபத்தின் கதை அத்தோடு முடியவுமில்லை. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்பது கணக்கு. மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ரயிலில் தலைமன்னாருக்கு இறங்கி, கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபத்தில் பதிவு செய்துகொண்டார்கள். தாத்தா போன அதே வழி, எதிர்த்திசையில். 1983-க்குப் பிறகு அதே மண்டபம் இலங்கை அகதிகளின் முகாமாயிற்று. போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே இடம்.

★ கப்பலும் ரயிலும் வருவதற்கு முன்னால்? 1830-களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தொழிலாளர்கள் ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் போய் இறங்கினார்கள். கடல் பெரிய பாடில்லை. அதற்குப் பிறகு மாத்தளை வரை 240 கிலோமீட்டர் வாக்கில் காட்டு வழி நடை. தண்ணீர் கிடைக்காமலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் வழிநெடுகக் கிடந்தார்கள் என்று அன்றைய ஆங்கில அரசின் பதிவுகளே சொல்கின்றன. இந்தப் பயணத்தில் கடல்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தலைமுறையைக் கொன்றது தரை.

★ அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை தெரியுமா? எல்லா வண்டி ஓட்டுநரும் "அதோ" என்று கை காட்டுவார். மனம் நோகாமல் தலையாட்டிவிடுங்கள். கரையில் நிற்கும் மனிதரின் கண்ணுக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடும். அதற்கப்பால் பூமி வளைந்து இறங்கிவிடுகிறது. 30 கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்தோடு மட்டமாய்க் கிடக்கும் தலைமன்னார் மணலைப் பார்க்க வேண்டுமானால், நீங்கள் 60, 70 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இருபது மாடிக் கட்டடம். தனுஷ்கோடியில் பெரும்பாலும் கண்ணில் படுவது கூரை போன தேவாலயமும் மீன் வறுக்கும் கீற்றுக்கொட்டகைகளும்.

★ பார்க்க முடியாத அக்கரையை நீந்தித் தொட்டவர்கள் உண்டு. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். ஆன நேரம் 25 மணி 36 நிமிடம். 1971-ல் வல்வெட்டித்துறைக்காரர் ஆழிக்குமரன் ஆனந்தன் போனதோடு நிற்கவில்லை. தொட்டுவிட்டுத் திரும்பியும் நீந்தினார். இரண்டு வழிக்கும் சேர்த்து 51 மணி நேரம். (1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் போயிற்று.) 1994-ல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீசுவரன் பாக் நீரிணையை 16 மணி நேரத்தில் கடந்தார். 2019-ல் தேனியைச் சேர்ந்த பத்து வயதுப் பையன் பத்தரை மணி நேரத்தில் முடித்தான்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பது வீண்வேலை. நீரோட்டம் துணைக்கு வந்தால் ஒரு கணக்கு, எதிர்த்தால் வேறு கணக்கு. நீச்சல்காரர் கடப்பது 30 கிலோமீட்டர். நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துப்போவதை யாரும் அளப்பதில்லை. ஆனால் ஒன்று: மதுரை, கொழும்பு என்று சுற்றிப் போகும் விமானப் பயணியைவிட அந்தத் தேனிப் பையன் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பான்.

★ கடல் ஒன்றல்ல, இரண்டு. தனுஷ்கோடி மணல் நாக்கின் வடபுறம் பாக் விரிகுடா. உள்ளூர் மீனவர்களுக்கு அது பெண் கடல். தென்புறம் மன்னார் வளைகுடா, ஆண் கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது வடபுறம் குளம்போல் கிடக்கும். வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழ். படகு எப்போது போகும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை, மாதம் தீர்மானிக்கிறது.

★ இரண்டு கடலுக்கும் நடுவே வேலி போட்டதுபோல் கிடப்பவைதான் மணல் திட்டுகள். ராமர் பாலம், சேது, ஆதாம் பாலம் என்று யார் எப்படிச் சொன்னாலும் மீனவர்களுக்கு அவை எண்கள்: ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு, மூன்றாம் திட்டு... முதல் சில திட்டுகள் இந்தியப் பக்கம். ஆழம் பல இடங்களில் ஓரிரண்டு மீட்டர். 2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டபோது, படகுக்காரர்கள் குடும்பங்களை இங்கே இறக்கிவிட்டு "இதுதான் இந்தியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். பொய்யும் சொல்லவில்லை. குழந்தைகளோடு திட்டில் நின்றவர்களைக் கடலோரக் காவல் படை ஹோவர்கிராப்டில் போய் மீட்டது.

★ "இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தரை எல்லை உண்டு, வெறும் 45 மீட்டர், உலகிலேயே சிறியது" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்ப வேண்டாம். 1974-ல் இரு நாடுகளும் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை வகுத்தது கடல் எல்லை. அதுவும் வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்து இழுத்த கோடு. திட்டுகளோ காற்றுக்கும் அலைக்கும் ஏற்ப நகர்கிறவை, சில பருவத்தில் மூழ்குகிறவை. நகரும் மணலுக்கு யார் டேப் வைத்து 45 மீட்டர் அளந்தது?

★ கடிகாரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. தலைமன்னார் சற்றுக் கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஒரு நிமிடச் சொச்சம் முன்னதாக உதிக்கும். இரு நாட்டு நேரமும் இன்று ஒன்றே. ஆனால் 1996-ல் மின்சாரப் பஞ்சம் வந்தபோது வெளிச்சத்தை மிச்சப்படுத்த இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. சில மாதத்தில் அதை அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புது நேரத்தை ஏற்கவில்லை. ஆக வன்னிக்குள் இருந்தவர் கைக்கடிகாரம் கொழும்போடு ஒத்துப்போகாது, ராமேசுவரத்தோடு ஒத்துப்போகும்.

★ 1964 டிசம்பர் 22 இரவு. இலங்கையைக் குறுக்கே கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை அடித்துப் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் அலையில் மூழ்கியது. அதில் இருந்த யாரும் மிஞ்சவில்லை. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுகம் என்று ஒரு ஊருக்கு வேண்டிய எல்லாமும் இருந்த தனுஷ்கோடி, விடியும்போது வாழத் தகுதியற்ற இடம்.

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பகுதி கடலுக்குள் போயிருந்தது. கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கெடு வைத்தது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலில் கிடந்த உத்தரங்களையே தேடி எடுத்துப் பொருத்தி 46 நாளில் ரயிலை ஓட்டிக் காட்டினார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் இவர்தான். பாலம் பிழைத்தது, பாம்பன் – தனுஷ்கோடிப் பாதை பிழைக்கவில்லை. கப்பலை ராமேசுவரத்துக்கு மாற்றினார்கள். 'ராமானுஜம்' என்ற கப்பல் 1980-களில் போர் மூளும்வரை தலைமன்னாருக்குப் போய்வந்தது.

★ தனுஷ்கோடிக்கு மறுபடி 17 கிலோமீட்டர் ரயில் பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். கல் இருக்கிறது.

★ அக்கரையில் நிலைமை சற்று மேல். 1990-ல் போரால் நின்றுபோன தலைமன்னார் ரயில், இந்தியாவின் இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்ட பிறகு, 2015 மார்ச் 14 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. இன்று கொழும்புக் கோட்டையில் ஏறினால் கடலோரம் வரை ரயிலிலேயே வந்து இறங்கலாம். நிலையத்தின் பெயர் இன்னும் 'தலைமன்னார் துறை' என்றே இருக்கிறது. இறங்கினால் ஒரு கலங்கரை விளக்கமும், பழைய துறையின் துருவேறிய மிச்சமும். மன்னாரில் திரியும் கழுதைகளையும், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க ஒரு பத்துப் பேராவது வேண்டும்.

★ இக்கரையில் தனுஷ்கோடிக்கும் ஒரு சாலை வந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர், 2017 ஜூலையில் திறந்தார்கள். அதற்கு முன்னால் கடல்தண்ணீரிலும் மணலிலும் உருளும் வேன்களில் எலும்பு குலுங்கப் போக வேண்டியிருந்தது. இப்போது ராமேசுவரத்திலிருந்து அரை மணி நேரம். இந்தியச் சாலை கடலுக்குள் எட்டிப் பார்க்கும் வரை போய், அசோகத் தூணைச் சுற்றித் திரும்பிவிடுகிறது.

★ கப்பல்களுக்கும் அந்த மணல் திட்டுகள் வழிவிடுவதில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பெரிய சரக்குக் கப்பல் போக வேண்டுமானால் இலங்கை முழுவதையும் சுற்ற வேண்டும். 1860-லேயே டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி கால்வாய் வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார். அதற்குப் பின் எத்தனையோ குழுக்கள். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, 424 கடல் மைல் வரை தூரமும் 30 மணி நேரம் வரை பயணமும் மிச்சம் என்றார்கள். 2007-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, திட்டுகளை வெட்டும் வேலை நின்றது. மதம், சூழல், வணிகம் மூன்றும் மோதிக்கொண்ட விவகாரம் இது. இரண்டு வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

★ கடைசியாக, ரயில் பிரியர்களுக்கு ஒன்று. போட் மெயில் கப்பலோடு இணைந்து ஓடிய காலம் முழுக்க இந்தப் பக்கம் மீட்டர் கேஜ் தண்டவாளம், இலங்கைப் பக்கம் அகலப் பாதை. இங்கே ஓடிய பெட்டி அங்கே ஓடாது. மூட்டை முடிச்செல்லாம் இறக்கி ஏற்ற வேண்டும். 2007-ல் பாம்பன் பாலத்தின் மீது அகலப் பாதை வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் அதே அகலம்: 1,676 மில்லிமீட்டர். தலைமன்னார்த் தண்டவாளத்தை அளந்தாலும் அதே 1,676. பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கி ஓட்டலாம். ராமேசுவரம் – தலைமன்னார் கப்பலை மீண்டும் விடுவது பற்றி இரு அரசுகளும் பேசிக்கொண்டிருக்கின்றன.